ஓடாவி கட்டிய முன்கூடு

எங்கள் வீட்டில் மூத்த பிள்ளை நானில்லை, அந்தப் பிக்கப்தான். அப்பா கலியாணம் கட்டுவதற்கு முன்பே அதை வாங்கியிருந்தார். இங்கிலாந்தில் செய்த வண்டி. மலைநாட்டில் ஒரு தோட்டத்துரை வைத்து ஓடியதாம். துரை அதை ஏன் விற்றார் என்று நான் சின்ன வயதில் கேட்டபோது, "உனக்குப் படிக்க ஒண்டும் இல்லையோ?" என்றார் அப்பா.

வேலணையில் எங்களுக்குப் புகையிலைத் தோட்டம். எங்கள் புகையிலையும் அக்கம்பக்கத்தாரின் வெங்காயமும் பனங்கிழங்கும் யாழ்ப்பாணச் சந்தைக்குப் போவது அந்தப் பிக்கப்பில்தான். தீவில் இரும்பு வைத்திருப்பது சும்மா காரியமில்லை. நாலு பக்கமும் உப்புக் காற்று. ஆணி, கேற், வாளி, கிணற்றுக் கப்பி எல்லாவற்றையும் கறள் தின்னும். பிக்கப்பின் முன்கூட்டை, அதாவது சாரதி இருக்கிற பகுதியை, அது ஆறுதலாக இருந்து சாப்பிட்டது.

அப்பா அதை ஒத்துக்கொண்டதே இல்லை. எங்கே கறள் தெரிகிறதோ அங்கே பச்சைப் பெயின்ற் அடித்துவிடுவார். பெயின்ற் அடித்த இடத்தில் கறள் இல்லை என்பது அவருடைய கட்சி. கடைசிக் காலத்தில் அந்தக் கூட்டில் இரும்பைவிடப் பெயின்ற்தான் கூட இருந்திருக்கும். இடது பக்கத்துக் கதவைக் கயிறு போட்டுக் கட்டியிருந்தது. கால் வைக்கும் இடத்தில் பெரிய ஓட்டை. அதன்மேல் அப்பா ஒரு பலகைத் துண்டு போட்டிருந்தார். பள்ளம் திட்டியில் ஏறி விழும்போது பலகை விலகி, கீழே தெரு ஓடுவது தெரியும். அம்மா முன்னுக்கு ஏறவே மாட்டா. "நான் பின்னாலை வெங்காயத்தோட வாறன். அது எண்டாலும் என்னைக் கீழ போடாது" என்பா.

இந்த வண்டியில்தான் என் கலியாணம் தொங்கும் என்று அப்போது யாருக்குத் தெரியும்?

எண்பத்து மூன்று ஆடிக் கலவரம் முடிந்து கொஞ்சக் காலம் போயிருந்தது. எனக்கு இருபத்தெட்டு வயது. பள்ளிக்கூடத்தில் கணக்குப் படிப்பித்துக்கொண்டிருந்தேன். வந்த சாதகங்களில் பாதி பொருந்தவில்லை. பொருந்தியவற்றில் மாப்பிள்ளைமார் பொருந்தவில்லை. எனக்கு வாய் கூட என்று ஊரில் ஒரு கதை இருந்தது. அது பொய்க் கதை என்று நான் சண்டை பிடித்ததில் அது இன்னும் பலமானது.

அப்படி இருக்கையில் யாழ்ப்பாணம் ரவுணில் இருந்து ஒரு பேச்சு வந்தது. ஆள் கந்தோரில் கிளாக்கர். தகப்பன் இல்லை. தாய் விறகுகாலை வைத்து, விறகும் கிடுகும் விற்றுப் பிள்ளையைப் படிப்பித்தவ. எங்கள் ஊர்க் கோயிலில் வைத்து ஒருவரையொருவர் பார்ப்பது என்று ஏற்பாடு. நான் அம்மாவோடு உள்வீதி சுற்றி வந்தேன். அவரும் ஒரு கூட்டாளியோடு சுற்றினார். பார்த்ததுபோலவும் பார்க்காததுபோலவும் இரண்டு பகுதியும் நடந்து முடித்து வெளியே வந்தால், அவருடைய செருப்பில் ஒன்றை யாரோ மாறிப் போட்டுக்கொண்டு போய்விட்டார்கள். ஒரு காலில் கறுப்புத் தோல் செருப்பு, மறுகாலில் யாரோ ஒரு சின்னப் பிள்ளையின் சிவப்புப் பாட்டா. அந்தக் கோலத்தில் குதி வெளியே தொங்க, கௌரவமாக நடந்து பார்த்தார். நான் பார்ப்பதைக் கண்டார். கோபப்படவில்லை, வெட்கப்படவும் இல்லை. காலைத் தூக்கிக் காட்டிவிட்டுச் சிரித்தார்.

எனக்கு ஆளைப் பிடித்துப்போய்விட்டது. அதைச் சொல்ல இப்போது எனக்கென்ன வெட்கம்? இந்தச் சம்பந்தமும் தட்டிப்போனால் இனி ஒரு சாதகத்தையும் வீட்டுக்குள் எடுக்க விடுவதில்லை என்று அன்றிரவே மனதுக்குள் தீர்மானம் எடுத்தேன்.

அவர்கள் பக்கத்திலும் விருப்பம்தானாம். தரகர் வந்து சொன்னார். தாய்க்காரி வீடு, வளவு ஒன்றும் கேட்கவில்லை. "உங்களிட்டை ஒரு வாகனம் இருக்கு எண்டு சொன்னனான். அதைப் பிள்ளையோட தந்தாக் காணுமாம். விறகுகாலைக்கு உதவும் எண்டு மனுசி ஆசைப்படுது" என்றார்.

அம்மா அப்பாவைப் பார்த்தா. அப்பா சால்வையை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். "அதுக்கென்ன, தாறம். நல்ல வண்டி" என்றார். தரகர் அந்த வண்டியைக் கிட்ட நின்று பார்த்தவரில்லை.

சொல்லி ஒரு கிழமைகூடப் போகவில்லை. அப்பா சந்தையால் திரும்பும்போது தெருவில் ஒரு மாடு குறுக்கே வந்திருக்கிறது. பிறேக் போட்டிருக்கிறார். வண்டி நின்றது, கூரை நிற்கவில்லை. முன்தூண் இரண்டும் முறிந்து கூரை அப்பாவின் தலையில் இருந்துவிட்டது. ஒரு கையால் கூரையைத் தாங்கிக்கொண்டு மறுகையால் ஸ்ரியறிங்கைப் பிடித்துக்கொண்டு வீடு வந்து சேர்ந்தார். வழியில் கண்டவர்கள் எல்லாரும் அவர் கையைத் தூக்கி வணக்கம் சொல்லுகிறார் என்று நினைத்துத் திருப்பி வணக்கம் சொன்னார்களாம்.

மறுநாள் ரவுணில் இருந்து கராஜ்காரர் ஒருவரைக் கூட்டி வந்தார். அவர் கதவுப் பக்கம் ஸ்குறூ டிறைவரால் ஒரு குத்துக் குத்தினார். அது பிடிவரை உள்ளே போனது. இன்னொரு இடத்தில் குத்தினார். அங்கேயும் போனது.

"அண்ணை, ஒட்டித் தரலாம். ஆனா ஒட்டுறதுக்கு ஒரு இரும்பு இருக்க வேணுமே" என்றார்.

"வேறை ஒரு கூடு எடுக்கேலாதோ?"

"கொழும்பிலை எடுக்கலாம். ஆர் போறது?"

அந்த நாளில் ஒரு பழைய இரும்புக்காகக் கொழும்புக்குப் போய்வர யாரும் தயாராக இல்லை. கராஜ்காரர் தேத்தண்ணி குடித்துவிட்டுப் போய்விட்டார். நான் குசினிக்குள் போய்த் தேங்காய் துருவத் தொடங்கினேன். தேவையில்லாமல் மூன்று தேங்காய் துருவிவிட்டேன் என்று அம்மா பேசினா.

அப்பா மட்டும் சோரவில்லை. சைக்கிளை எடுத்துக்கொண்டு ஊர்காவற்றுறைக்குப் போனவர் பின்னேரம் ஓடாவியாரோடு வந்து இறங்கினார். ஓடாவியார் வள்ளம் கட்டுகிறவர். நெடுந்தீவுக்கும் நயினாதீவுக்கும் ஓடுகிற வள்ளங்களில் பாதி அவர் கை பட்டது. வண்டியைச் சுற்றி வந்தார். கறள் கூட்டை விரலால் சுண்டினார். ஒரு துண்டு விழுந்தது.

"இரும்பை நம்பினா இப்பிடித்தான், அண்ணை. கடலுக்குள்ளயே கிடக்கிற சாமானை நாங்கள் மரத்திலதானே கட்டுறம்? உது தரையில ஓடுற சாமான். உதுக்கென்ன, வேப்பம் பலகையில கட்டித் தாறன். உங்கட பேரப்பிள்ளையளும் ஓடலாம்."

பேரப்பிள்ளைகள் என்ற சொல் என் காதிலும் விழுந்தது. அந்த நிமிடம் தொட்டு ஓடாவியாருக்குத் தேத்தண்ணியில் சீனி கூடப் போட்டுக் கொடுத்தேன்.

வேலை எங்கள் வளவில் புளியமரத்துக்குக் கீழே நடந்தது. முதல் பலகை வைக்க நாள் பார்த்தார்கள். தேங்காய் உடைத்து, மஞ்சள் துண்டு கட்டித்தான் வைத்தார்கள். பிறகு அவர் கட்டக் கட்ட அது வண்டியின் கூடாக இல்லாமல் வள்ளமாகவே வளர்ந்து வந்தது. பக்கப் பலகைகள் வயிறு தள்ளி வளைந்து நின்றன. செப்பாணி அடித்தார். பலகைக்குப் பலகை நடுவில் பஞ்சை இடித்து இறுக்கி, குங்கிலியம் காய்ச்சி ஊற்றினார். கியர்த் தடி வருகிற ஓட்டையையும் பிறேக் வருகிற ஓட்டையையும்கூட விடவில்லை. லொறி ரியூப்பை வெட்டிச் சுற்றிவரக் கட்டிவிட்டார். கதவுக்கு அடிவரை வெட்ட அவருக்கு மனம் வரவில்லை. "கரையை வெட்டினாக் கட்டு போயிடும்" என்று முழங்கால் உயரத்துக்குப் பலகையை விட்டு, அதற்கு மேலேதான் கதவு வைத்தார். உள்ளே போவதென்றால் காலைத் தூக்கிப் போட்டு ஏற வேண்டும். பக்க யன்னல்களுக்குக் கண்ணாடி கிடைக்கவில்லை. தறப்பாள் துண்டு தொங்கியது.

கடைசியில் உள்ளும் புறமும் சுறா எண்ணெய் பூசினார். அதற்கு மேல் வள்ளத்துக்கு அடித்து மிஞ்சிய நீலப் பெயின்ற். பெயின்ற் காய்ந்தது, மணம் காயவில்லை. அன்றிலிருந்து வேலணையிலுள்ள பூனைகள் எல்லாம் எங்கள் வளவுக்கு வரத் தொடங்கின. வண்டி தெருவில் மெதுவாகப் போனால் நாலைந்து பின்னால் வரும்.

வேலை முடிந்த நாள் ஊரே பார்க்க வந்தது. "கட்டைச் சோதிக்க வேணும்" என்றார் ஓடாவியார். கிணற்றிலிருந்து வாளி வாளியாக அள்ளி வந்து கூட்டுக்குள் ஊற்றினார்கள். வள்ளத்தில் ஒழுக்குப் பார்க்கிறது அப்படித்தான். முழங்கால் உயரப் பலகைவரை நிரப்பி விட்டுவிட்டு எல்லாரும் குனிந்து கீழே பார்த்தார்கள். ஒரு சொட்டு விழவேண்டுமே! இரவு முழுக்கத் தண்ணீர் நின்றது. விடிய அப்பா பனையோலைப் பட்டையால் அதை இறைத்து வெளியே ஊற்றினார். ஊற்றும்போது தேவாரம் வேறு. ஓடாவியார் அந்தப் பட்டையை இருக்கைக்குக் கீழே கொளுவிவிட்டுப் போனார். எந்த வள்ளத்திலும் ஒன்று இருக்க வேண்டுமாம்.

அங்கே நின்ற அத்தனை பேரில் ஒருவருக்காவது ஒரு கேள்வி வந்ததா? கணக்குப் படிப்பிக்கிற எனக்கு வந்ததா? இல்லை. நாங்கள் தீவார். தண்ணீர் உள்ளே வராமல் இருக்கிறதா என்று பார்க்கத்தான் எங்களுக்குத் தெரியும். நானும் கை தட்டினேன்.

கார்த்திகை மாதம் மாப்பிள்ளையின் தாயார் சொல்லி அனுப்பினா. நயினாதீவு அம்மனுக்கு ஒரு அர்ச்சனை செய்துவிட்டு முடிவு சொல்கிறாவாம். இரண்டு பகுதியும் சேர்ந்து போவோமாம். வேலணைவரை பஸ்ஸில் வந்து, அங்கிருந்து லாஞ்சு ஏறுகிற குறிகட்டுவான் துறைக்கு எங்கள் வாகனத்தில். அம்மன் சாட்டு, வண்டியைப் பார்க்கத்தான் வருகிறா என்பது எங்கள் எல்லாருக்கும் விளங்கியது.

தாயும் மகனும் வந்து இறங்கினார்கள். மனுசி நல்ல வாட்டசாட்டம். விறகு தூக்கிய கை. மாம்பழ நிறத்தில் பட்டுச் சேலை. நீல வண்டியை மேலும் கீழும் பார்த்தா. மூக்கைச் சுளித்தா. "என்ன ஐயா, மீனும் ஏத்துறனீங்களோ?" என்று அப்பாவைக் கேட்டா.

"சீச்சீ, நாங்கள் சைவம்" என்றார் அப்பா.

மனுசியை முன்னுக்கு ஏற்றுவதற்கு ஒரு கதிரை கொண்டுவர வேண்டியிருந்தது. அப்பா வண்டி ஓடினார். அவ பக்கத்தில். பின்னால் பெட்டியில் நானும் அம்மாவும் மாப்பிள்ளையும். அம்மா எங்கள் இரண்டு பேருக்கும் நடுவில் மதில் மாதிரி இருந்தா.

வேலணை தாண்டும்போதே மழை பிடித்துவிட்டது. நாங்கள் மூன்று பேரும் தறப்பாளை இழுத்துத் தலைக்கு மேலே பிடித்தோம். கடலுக்குக் குறுக்கே புங்குடுதீவுக்குப் போகிற தாம்போதியில் ஏறினதும் காற்று கடலை அள்ளித் தெருவில் எறிந்தது. தாம்போதி ஒடுக்கம், நடுவில் நிற்பாட்டினால் பிறகு எஞ்சின் எழும்பாது. அப்பா நிற்பாட்டாமல் ஓடினார்.

முன்கூட்டுக்குப் பின்பக்கம் ஒரு சின்னக் கண்ணாடி இருந்தது. அதற்குள்ளால் மாமியாராக வரப்போகிறவவின் கொண்டை தெரிந்தது. கொஞ்ச நேரத்தில் கொண்டை உயர்ந்தது. பிறகு கழுத்துத் தெரிந்தது. பிறகு முதுகு. மனுசி ஏன் இருக்கையில் ஏறி முழந்தாளில் நிற்கிறா என்று எனக்கு விளங்கவில்லை.

அப்போதுதான் இடது பக்க யன்னலால் ஒரு பட்டைத் தண்ணீர் பறந்து வந்து எங்கள் முகத்தில் அடித்தது.

அடுத்ததும் வந்தது. அதற்கு அடுத்ததும். தறப்பாள் துண்டால் உள்ளே வந்த மழையும் கடலும் போக வழியில்லாமல் கூட்டுக்குள் நிறைந்திருக்கிறது. மனுசி கையில் பட்டை அகப்பட்டிருக்கிறது. இறைக்கிறா! விறகுகாலைக் கை அல்லவா, ஒவ்வொரு பட்டையும் நேரே வந்து அவ பெற்ற மகனின் நெஞ்சில் விழுந்தது. அம்மா தறப்பாளை விட்டுவிட்டுக் கும்பிட்டா. மாப்பிள்ளை கண்ணைத் துடைத்துவிட்டு, "உப்பாயிருக்கு" என்றார். அவர் எனக்குச் சொன்ன முதல் வார்த்தை அதுதான். நான் தறப்பாளுக்குள் முகத்தை ஒளித்துக்கொண்டேன். வாய் கூட என்று பெயரெடுத்த நான்!

குறிகட்டுவானில் வண்டி நின்றது. மனுசி கரைப் பலகைக்கு மேலால் காலைத் தூக்கிப் போட, லாஞ்சுக்குக் காத்து நின்ற ஆட்கள் ஓடிவந்து வள்ளத்தால் இறக்குகிற மாதிரி இரண்டு கையிலும் பிடித்து இறக்கினார்கள். பட்டுச் சேலை முழங்கால்வரை நனைந்து சுறா எண்ணெய் மணந்தது. அவ குனிந்து சேலையைப் பிழிந்தா. அப்பா மன்னிப்புக் கேட்பார் என்று பார்த்தால், கடற்காரர் இரண்டு பேர் முன்கூட்டைத் தட்டிப் பார்த்து, "நல்ல கட்டு, அண்ணை" என்றுவிட்டார்கள். போதும். மனுசியை மறந்துவிட்டு, "பாருங்கோ, இவ்வளவு தண்ணி நிக்குது, கீழ ஒரு சொட்டு ஒழுகுதோ?" என்று குனிந்து காட்டிக்கொண்டு நின்றார். அந்த இடத்திலேயே வண்டிக்கு நெருப்பு வைத்திருப்பேன். நனைந்த மரம் பற்றாது என்றுதான் விட்டேன்.

லாஞ்சில் அவ முகத்தைக் கடல் பக்கம் திருப்பி வைத்திருந்தா. தோள் இரண்டும் குலுங்கின. குளிராக்கும் என்று அம்மா தன் சால்வையைக் கொடுத்தா. வாங்கிப் போர்த்திக்கொண்டா, திரும்பவில்லை. கோயிலில் நெடுநேரம் கண்ணை மூடி நின்றா. நான் அவவையே பார்த்துக்கொண்டு நின்றதில் அம்மனைக் கும்பிட மறந்துபோனேன். வெளியே வரும்போதுதான் ஞாபகம் வந்து, ஓடிப்போய், இந்த ஆள் எனக்கு வேண்டும், எப்படியாவது தா என்று கேட்டுவிட்டு வந்தேன். மனதுக்குள்தான் கேட்டேன், ஆனால் உதடு அசைந்ததை அந்த ஆள் தூணருகில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்.

திரும்பி வரும்போது மழை விட்டு வெயில் எறித்தது. குறிகட்டுவானில் யாழ்ப்பாண பஸ் வெளிக்கிட நின்றது. மனுசி எங்கள் வண்டிப் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. நேரே போய் பஸ்ஸில் ஏறினா. மகன் எங்களைப் பார்த்தார், தாயைப் பார்த்தார், என்னை ஒருமுறை பார்த்தார், பின்னால் போய் ஏறினார். தட்டிப்போய்விட்டது என்று தெரிந்த பிறகு அழக்கூட ஒரு இடம் வேண்டாமா? சுற்றிவரக் கடலும் சனமும். பிக்கப்புக்குள் ஏறி அழலாம் என்றால் அதற்குள் முழங்கால் தண்ணீர்.

அப்பா பட்டையை எடுத்து இறைக்கத் தொடங்கினார்.

பஸ் எஞ்சின் போட்டுக் கொஞ்சம் நகர்ந்தது. யன்னலால் தலையும் அந்தப் பெரிய கையும் வெளியே வந்தன.

"சம்பந்தி!" என்று மனுசி கூப்பிட்டா. துறை முழுக்கத் திரும்பிப் பார்த்தது. "பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போக நாங்கள் கார் பிடிச்சுக்கொண்டு வருவம். உந்த வண்டியை மட்டும் உங்கட வளவிலேயே கட்டி வைச்சிருங்கோ!"

சொல்லிவிட்டுச் சிரித்தா. லாஞ்சில் குலுங்கின தோள் இப்போது யன்னலில் குலுங்கியது. பஸ் போய்விட்டது.

அப்பாவுக்கு முகம் கறுத்துவிட்டது. பட்டையைக் கையில் பிடித்தபடி, "கட்டி வைக்கிறதோ? என்ன, மாடே இது? ஒரு சொட்டு ஒழுகாத வண்டி!" என்று அம்மாவிடம் முறையிட்டார். அம்மா காதில் எடுக்கவே இல்லை. "இஞ்சேருங்கோ, மனுசி என்னெண்டு கூப்பிட்டவ? முதல் என்னெண்டு கூப்பிட்டவ?" என்று அவரைப் பிடித்து உலுப்பினா.

நான் கரைப் பலகைக்கு மேலால் காலைப் போட்டு முன்கூட்டுக்குள் ஏறி, முழங்கால் தண்ணீரில் இருந்துகொண்டு, ஒருவருக்கும் தெரியாமல் நன்றாக அழுதேன்.